கூச்சிங்கிற்குக் கப்பலில் போகும் லேத்தைப் பேலட்டில் எப்படி இறுக்குவது?

கேள்வி (பிறை, பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ள லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றை, சரவாக்கின் கூச்சிங்கில் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனருக்குக் கப்பலில் அனுப்பவிருக்கிறேன். சென்ற முறை ஒரு டிரில்லிங் இயந்திரத்தைச் சாதாரணப் பேலட்டில் (சரக்கு ஏற்றும் மரத்தட்டில்) நிறுத்தி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, இரண்டு பட்டைகளால் கட்டி அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது அது ஒருபக்கம் சாய்ந்திருந்தது. கைப்பிடி முறிந்து, அடித்தட்டின் போல்ட் துளையிலிருந்து விளிம்புவரை மயிரிழைபோல் விரிசல் ஓடியிருந்தது. அதே தவறை இம்முறையும் செய்ய எனக்கு மனமில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (கோலாலம்பூர்)

வணக்கம் ஐயா. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, அடி விழுந்தால் உடைந்துதான் போகும். ஆகவே இயந்திரம் பேலட்டின்மேல் அசையவே கூடாது. பட்டைகள் வழியில் தளர்ந்துவிடும் என்பதால் அவற்றை மட்டும் நம்ப வேண்டாம். 4 அங்குலக் கனமுள்ள கட்டைகளால், லேத்தின் கால்களைவிட அகலமாக ஒரு சட்டம் அடித்து, லேத்தின் கால் துளைகள் வழியாகக் கட்டையை ஊடுருவிச் செல்லும் நீண்ட போல்ட்டுகளை அடியில் பெரிய வாஷர் வைத்து முடுக்குங்கள். முடுக்குவதற்கு முன் எல்லாக் கால்களும் கட்டையில் படிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் தகடு செருகி நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் போல்ட்டின் இழுப்பே லேத்தின் பெட் என்னும் நீண்ட அடிப்பாகத்தை முறுக்கிவிடும், காலையும் பிளந்துவிடும். உங்கள் டிரில்லிங் இயந்திரத்தின் விரிசலுக்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

எடையில் பெரும்பகுதி ஹெட்ஸ்டாக் (சுழலும் தலைப்பகுதி) பக்கம் இருப்பதால், கேரேஜை (வெட்டுளியைத் தாங்கி நகரும் பகுதியை) எதிர்முனையான டெயில்ஸ்டாக் பக்கமாக நகர்த்திப் பூட்டுங்கள். சக்கையும் (வேலைப்பொருளைப் பிடிக்கும் பிடியையும்) கைச்சக்கரங்களையும் கழற்றித் தனிப்பெட்டியில் வையுங்கள். பட்டை எதுவும் லீட் ஸ்க்ரூவை (கேரேஜை நகர்த்தும் நீண்ட திருகுத் தண்டை) அழுத்தக் கூடாது. அது சற்றே வளைந்தாலும் மரை வெட்டும் வேலை கெட்டுவிடும். எடை மையம் எங்கே என்று பெட்டியின் வெளியே பெரிதாகக் குறித்துவிட்டால், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் நடுவில் தூக்கிக் கவிழ்த்துவிட மாட்டார்.

மறுமொழி 2 (பட்டர்வொர்த்)

துருவையும் மறக்க வேண்டாம், அண்ணே. பகலில் சூடேறி இரவில் குளிரும் கொள்கலனுக்குள் கூரையிலிருந்தே நீர் சொட்டும். லேத்தின் பெட், ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) இரண்டையும் துடைத்து, கிரீஸ் தடவி, அதன்மேல் துருத்தடுப்புக் காகிதம் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறையை மூடுவதற்கு முன் ஈரமுறிஞ்சிப் பைகளை உள்ளே போடுங்கள். பச்சை மரத்தில் சட்டம் அடிக்காதீர்கள், அதன் ஈரமே இரும்பைத் தின்றுவிடும்.

மறுமொழி 3 (கிள்ளான்)

கடல்வழிக் காப்புறுதி எடுத்தாலும், பொதி சரியாகக் கட்டாததால் ஏற்படும் சேதத்திற்கு அது பொதுவாக இழப்பீடு தராது. போல்ட் முடுக்கிய கால்கள் ஒவ்வொன்றையும் பெட்டியை மூடுவதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. கால்களில் ஆறு துளைகள் உள்ளன. நாளை காலையிலேயே உலர்ந்த கட்டை தேடிப் போகிறேன்.