காட்டியலில் ‘சைட்’: தளம் வேண்டாம், ‘இடப்பாங்கு’ ஆகுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

காட்டியலில் வரும் ‘சைட்’ (ஓர் இடத்தில் எந்த மரம் எவ்வளவு வளரும் என்று முடிவு செய்யும் நிலக்குணம்) என்பதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை தளம், வளர்தளம், வாழிடம், காட்டுவகை என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ‘தளம்’ இணையத்துக்கும் கட்டடத்துக்கும் போய் வெகுநாளாயிற்று. ‘காட்டுத்தளம்’ என்றால் சருகு கிடக்கும் தரையைத்தான் படிப்பவர் நினைப்பார். அந்தத் தரைக்கும் ஒரு சொல் வேண்டுமே. ‘வாழிடம்’ உயிரியலில் ‘ஹாபிடாட்’டுக்கு நிலைத்துவிட்டது.

‘காட்டுவகை’தான் பெரிய குழப்பம். காட்டியலர்கள் சாம்பியனும் சேத்தும் 1968இல் இந்தியக் காடுகளை 16 தொகுதிகளாகப் பிரித்தார்கள். அது தட்பவெப்பத்தையும் நிற்கும் தாவரத்தையும் பார்த்துச் செய்த பிரிவு. நமக்கு வேண்டிய சொல் அதற்கு அடியில் இருப்பதைச் சுட்ட வேண்டும்: மண், நில அமைப்பு, ஆண்டு முழுக்க வேருக்குக் கிடைக்கும் ஈரம் மூன்றும் சேர்ந்து அங்கே எந்த மரம் எவ்வளவு வளரும் என்று முடிவு செய்யும் குணம். குமரி மாவட்டக் கீரிப்பாறையில் ரப்பர் நிற்கும் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். பசுமைமாறாக் காட்டுவகை அங்கே போய்விட்டது. ஆழமான மண்ணும் சரிவும் மழையும் போகவில்லை. ரப்பரை அகற்றிவிட்டு என்ன நடலாம் என்று கேட்பவருக்குப் பதில் காட்டுவகைப் படத்தில் கிடைக்காது.

என் முன்மொழிவு ‘இடப்பாங்கு’. மணற்பாங்கு, மேட்டுப்பாங்கு, மலைப்பாங்கு என்று ‘பாங்கு’ ஏற்கெனவே நிலத்தின் இயல்பைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ‘அந்த எடத்துக்குத் தேக்கு வராது’ என்று தோட்டக்காரர் சொல்வதிலுள்ள ‘எடம்’ இந்தப் பொருள்தான். ‘நிலப்பாங்கு’ இன்னும் இயல்பாக விழுகிறது, ஆனால் அதை நிலத்தோற்றத்துக்குப் பலர் எழுதுகிறார்கள். போதாததற்கு, வங்கியைப் ‘பாங்கு’ என்று எழுதிப் பழகிய மூத்தவர்களுக்கு அது நில அடமான பாங்கை நினைவூட்டும்!

அடுத்தது ‘மாய்ஸ்ச்சர் ரெஜீம்’. இதற்கு ‘ஈரப்பதம்’ என்று போடுவது வெறும் சொல்பிழை இல்லை, களத்தில் தவறான வேலையைச் செய்ய வைக்கும். ஈரப்பதம் இன்று, இந்த நேரம் அளப்பது. வேண்டியது பல ஆண்டுகளின் சராசரி நிலை. குமரி மாவட்டத்தில் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் உண்டு. ஜூலையில் குழி தோண்டினாலும் நவம்பரில் தோண்டினாலும் எல்லா மண்ணும் கையில் ஒட்டும். பிப்ரவரி, மார்ச்சில் போவது நல்லது. அப்போதும் கையில் படும் ஈரத்தை நம்பக் கூடாது, மண்ணில் பதிந்த அடையாளத்தைத்தான் படிக்க வேண்டும். எனவே ‘ஈரப்படி’ என்கிறேன்: மிக வறண்டதிலிருந்து சதுப்பு வரை ஏறும் படிகள்.

படியை முடிவு செய்ய ஒரு மீட்டர் ஆழக் குழி வேண்டும். சாலை வெட்டிய முகத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். அங்கே நீர் வடிந்து, நிறம் மாறி, உள்ளதைவிட வறண்ட இடமாகத் தோன்றும். குழியின் முகத்தைப் புதிதாகச் சீவிவிட்டு, வேர் எந்த ஆழத்தில் நிற்கிறது, கல் எவ்வளவு, சாம்பல் நிறமோ துருப்புள்ளியோ எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று குறிக்க வேண்டும். நீர் தேங்கினால் காற்று போய், இரும்பு நிறமிழந்து மண் சாம்பலாகும். காற்று நுழையும் இடத்தில் மட்டும் செம்புள்ளி விழும். அது 40 செ.மீ.க்குள்ளேயே தொடங்கினால் அங்கே தேக்கு வைப்பது வீண். பிறகு, நனைத்த மண்ணைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் நாடாவாகத் தள்ளிப் பாருங்கள். 2.5 செ.மீ.க்கு முன் ஒடிந்தால் குறுமண், 5 செ.மீ. தாண்டி நீண்டால் களி, இடைப்பட்டது களிக்குறுமண்.

மறுமொழி 1

அண்ணாச்சி, ‘இடப்பாங்கு’ நன்றாக இருக்கிறது. ‘ஈரப்படி’ அரசு ஊழியர் காதில் பஞ்சப்படி, பயணப்படி வரிசையில் விழும், ஆனாலும் பாதகமில்லை.

துருப்புள்ளி பற்றிய விதியை மட்டும் அப்படியே விட முடியாது. கல்குளம், விளவங்கோடு பக்கம் செம்பூராங்கல் மண்ணில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி எப்போதும் இருக்கும். அது பாறை நெடுங்காலம் சிதைந்ததன் மிச்சம்; இன்றைய நீர்மட்டத்தோடு அதற்குத் தொடர்பில்லை. அதைப் பார்த்து ‘ஈரம் மிகுந்த இடம்’ என்று எழுதினால், நன்றாக வடியும் மேட்டில் சதுப்பு மரத்தை நட்டுவிடுவோம். நகத்தால் அழுத்திப் பார்த்தால் பழைய புள்ளி கெட்டியாக இருக்கும். இன்றைய ஈரத்தின் துரு மென்மையாக, பெரும்பாலும் வேர்த்தடத்தை ஒட்டி ஓடும். ஆகவே இரண்டு சொல் வேண்டும்: ‘துருத்தடம்’, ‘கற்புள்ளி’.

இன்னொன்று, ‘ஆஸ்பெக்ட்’, அதாவது சரிவு நோக்கியிருக்கும் திசை. வெளிநாட்டுக் கையேடுகள் தெற்குச் சரிவு வறண்டது என்று சொல்லும். அது சாய்ந்த வெயில் விழும் நாட்டுக்கு. வட அகலாங்கு 8 பாகையில் வெயில் ஏறத்தாழ உச்சியில். வடக்கு, தெற்குச் சரிவுக்குள் வேற்றுமை சொற்பம். இங்கே பார்க்க வேண்டியது மழைமுகமா, மழைமறைவா என்பதும் காற்றும்தான். ஆரல்வாய்மொழி கணவாயில் ஜூன் முதல் காற்று மண்ணையும் இலையையும் உலர்த்துகிறது; அதே ஆழ மண் மாறாமலைப் பக்கம் பெறும் படியைத் தோவாளைப் பக்கம் பெறாது. ‘திசைமுகம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு, ‘காற்றுமுகம்’ என்பதைத் தனிக் கட்டமாகக் களக்குறிப்புப் படிவத்தில் சேர்க்க வேண்டும்.

சரிவின் மேலிருந்து அடிவரை வரிசையாக மாறும் மண்களைக் குறிக்கும் ‘கட்டீனா’வுக்கு (1935இல் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணைப் பார்த்து மண்ணியலர் மில்ன் வைத்த பெயர், சங்கிலி என்று பொருள்) ‘மண்தொடர்’ வேண்டாம். அது மண் ஆய்வில் ‘சீரீஸ்’. ‘மண்சரம்’ எப்படி? நம் ஊரில் சரம் கண்ணெதிரே கிடக்கிறது: மேலே பொற்றை (சிறு குன்று), சரிவில் விளை, அடியில் ஏலா.

மறுமொழி 2

கற்புள்ளி பற்றிய திருத்தம் சரி, ஏற்கிறேன். மண்சரமும். அச்சில் ‘மண்சரிவு’ ஆகிவிடாமல் மெய்ப்புப் பார்ப்பவர் கவனிக்க வேண்டும். பொற்றை, விளை, ஏலா மூன்றையும் கலைச்சொல்லாக்க மட்டும் தயங்குகிறேன். ஏலா என்றால் நெல்வயல், விளை என்றால் தோப்பு. அவை பயன்பாட்டுப் பெயர்கள். அவற்றை எடுத்தால், மேலே நிற்பதைப் பார்த்துப் பெயர் வைக்கும் ரப்பர் கதைக்கே திரும்பிவிடுவோம். படிவத்தில் முகடு, மேற்சரிவு, இடைச்சரிவு, அடிச்சரிவு, பள்ளம் என்றே இருக்கட்டும், ஊர்ச்சொல் அடைப்புக்குறிக்குள்.

இனி, ஈரத்தையும் சத்தையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து இடப்பாங்கைக் குறிக்கும் கட்டம். உக்ரைனில் காட்டியலர் போகிரெப்னியாக் வளர்த்தெடுத்த கட்டத்தில் ஈரத்துக்கு 0 முதல் 5, சத்துக்கு நான்கு எழுத்து, ஆக 24 அறை. பிரிட்டன் ஈரத்துக்கு 8, சத்துக்கு 6 வைத்திருக்கிறது. ஆள் கையால் பார்த்து முடிவு செய்ய 24 போதும். ஈர வரிசையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். சத்து வரிசை பைன், ஓக் நிற்கும் நிலத்துக்கு வகுத்தது; மழைக்காட்டில் சத்தில் பெரும்பங்கு மரத்திலும் சருகிலும் சுழல்வதால், சருகை வழித்த தோட்டமும் பக்கத்துக் காடும் ஒரே மண்ணில் வேறு வேறு எழுத்துப் பெற்றுவிடும். ‘சத்துப்படி’யை அதனால் மேல்மண்ணை விட்டுவிட்டு, 30 செ.மீ.க்குக் கீழே பார்த்து எழுத வேண்டும்.

எழுத்துக்கு அ, ஆ, இ, ஈ வேண்டாம். நனைந்த குறிப்பேட்டில் அ-வும் ஆ-வும் ஒன்றாகிவிடும். க, ட, ம, ற என்று வைத்தால் அகரவரிசையும் மாறாது, கையெழுத்தும் குழம்பாது. ‘க’ சத்துக் குறைந்தது, ‘ற’ சத்து மிகுந்தது; எண் ஈரப்படி. பொற்றை உச்சி க0. ஏலாவை ஒட்டிய ஆழ மண் அடிச்சரிவு ற3.