புதுப்பிப்பு: மூன்று கார்டு கடன் இப்போது எங்கே நிற்கிறது

ஒரு கிரெடிட் கார்டில் எடுத்து இன்னொன்றுக்குக் கட்டி, மூன்றையும் சுழற்றிக்கொண்டிருப்பதாக முன்பு எழுதியிருந்தேன். அதை நிறுத்தியாயிற்று. நகைக்கடன் வாங்கி, மாதம் 3.5 சதவீத வட்டி போட்ட கார்டை முதலில் அடைத்தேன். அந்த வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு! மினிமம் டியூ, அதாவது பில்லில் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, மட்டும் கட்டிவந்தால், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பலருக்கு இது தெரிவதில்லை.

சம்பளம் வந்ததும் கடனுக்கான பணம் தனிக் கணக்குக்குப் போய்விடுகிறது. அப்புறம், அடைத்த கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பாக்கி இல்லையென்றால் வங்கி 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் வங்கிக்கு நாளுக்கு 500 ரூபாய் அபராதம். ரிசர்வ் வங்கி விதி அது. மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. நகை திரும்பும் வரை அம்மாவிடம் பேச்சு வாங்க வேண்டியதுதான்.