வயல் தண்ணீரும் மோட்டாரும் நேரடியாகப் பேச வேண்டும், உதவி தேவை

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு படுவான்கரையில் உள்ள எங்கள் வயலுக்கு ஒரு கருவி செய்கிறேன். வரம்போரம் நட்ட இஎஸ்பி32 என்ற சிறு கட்டுப்பாட்டுச் சில்லு தண்ணீர் மட்டத்தை அளந்து, லோரா என்ற நெடுந்தூர, குறைந்த மின்சக்தி வானொலி வழியாக மோட்டாருக்கு நேரே சொல்லும். இடையில் ஆளோ இணையமோ வேண்டாம்.

அளப்பது சரியாக வருகிறது. சிக்கல் வேறு: ‘நிறுத்து’ என்ற செய்தி வழியில் தொலைந்தால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். லோராவின் பரவல் காரணியை (செய்தியை எவ்வளவு மெதுவாகப் பரப்பி அனுப்புவது என்ற அமைப்பு) 7இலிருந்து 12க்கு ஏற்றினால் தூரம் கூடும், ஆனால் ஒவ்வொரு செய்தியும் போய்ச்சேரப் பல மடங்கு நேரம் எடுக்கும், பற்றரியும் சீக்கிரம் இறங்கும். அதைவிட, குறித்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் மோட்டார் தானாக நின்றுவிடுவதே பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

அந்த நேரத்தை எவ்வளவு வைக்கலாம்? கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் யாராவது செய்திருந்தால் தயவுசெய்து சுற்றுப்படத்தோடு சொல்லுங்கள். சிறுபோகத்துக்கு முன் பொருத்த வேண்டும்.