வம்சப் பதிவை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய அனுபவம் (உங்களுடையதையும் எழுதுங்கள்)

குடும்ப வரலாற்றைக் கணினியில் ஏற்றி வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை ஒரு நாள் வந்தே தீரும். மென்பொருள் நின்றுபோகும், கணினி மாறும், பதிந்தவருக்கும் வயதாகும். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் பெரியப்பா, பர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல் என்ற மென்பொருளில்தான் எங்கள் வம்சத்தைப் பதிந்து வைத்திருக்கிறார். மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையார் 1984இல் வெளியிட்டது. 2013 ஜூலையோடு அதை அவர்களே நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினாலும் அவருடைய பழைய கணினியில் ஓடத்தான் செய்கிறது. அந்தக் கணினி படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. இலவசமாகக் கிடைக்கும் கிராம்ப்ஸ் என்ற வம்சப் பதிவு மென்பொருளுக்கு மாற்றிவிடலாம் என்று பேசி முடிவு செய்தோம். இரண்டுக்கும் நடுவில் பாலம் கெட்காம் கோப்பு, அதாவது வம்சத் தகவலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் பொது வடிவம். அந்த வடிவமும் அதே சபையார் உருவாக்கியதுதான்.

கெட்காம் கோப்பு வெறும் எழுத்துக்கோப்பு. நோட்பேடிலேயே திறக்கலாம். ஏற்றுவதற்கு முன்னால் எல்லாரும் ஒருமுறை கட்டாயம் திறந்து பாருங்கள். மேலே முதல் சில வரிகளுக்குள் எழுத்துக் குறியீடு எது என்று ஒரு வரி இருக்கும். அங்கே யுடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும், அது தமிழையும் எழுதக்கூடிய யூனிகோட் குறியீடு. ஆன்செல் என்று இருந்தால் தமிழ் வராது, அது லத்தீன் எழுத்துகளுக்காக நூலகங்களில் வைத்திருந்த குறியீடு.

அடுத்து பெயர். மலேசியாவில் ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி என்று போட்டு அப்பா பெயரை எழுதுவார்கள். சிங்கப்பூரில் எஸ்/ஓ. கெட்காமில் சாய்கோடு என்றால் 'இங்கிருந்து குடும்பப் பெயர்' என்று பொருள். 'வேலு ஏ/எல் கந்தசாமி' என்று பெரியப்பா எழுதியவரை, நாங்கள் சோதித்துப் பார்த்த ஒரு மென்பொருள் 'எல் கந்தசாமி' வகையறாவில் சேர்த்துவிட்டது. அந்தச் சாய்கோடுகளை எழுத்துக்கோப்பிலேயே தேடி எடுத்துவிட்டு, அப்பா பெயரை அப்பா பெயராகவே குறித்தோம். கிராம்ப்ஸில் ஒரு பெயர் தந்தைவழிப் பெயர் என்று குறிப்பிட இடம் இருக்கிறது. நமக்கு அது பெரிய வசதி.

படங்கள் தனிக்கதை. பழைய கெட்காமில் பெரும்பாலும் படத்தின் முகவரி மட்டும்தான் போகும், படம் போகாது. கோப்புறையைத் தனியாக நகலெடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 2021இல் வந்த கெட்காம் 7.0 பதிப்பில் படங்களையும் சேர்த்து ஒரே பொதியாகக் கட்ட வழி வைத்திருக்கிறார்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

எங்கள் வம்சத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். சுப்பையா மகன் முத்தையா, அவர் மகன் சுப்பையா, அவர் மகன் மறுபடியும் முத்தையா. அத்தை மகன் தனியாகப் பதிந்து வைத்திருந்த கிளையையும் கொண்டுவந்து இணைத்தபோது, ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருக்கிறாரா என்று மென்பொருளைத் தேடச் சொன்னோம். இரண்டு முத்தையாவையும் எடுத்துக்காட்டி 'இருவரும் ஒருவரே, சேர்க்கலாமா?' என்று கேட்டது. பெயர் ஒன்று, அப்பா பெயர் ஒன்று, ஊர் ஒன்று. பிறப்பு இரண்டு பேருக்குமே ஜாதகத்தில் உள்ளபடி 'ஆங்கிரச வருஷம் ஆவணி மாசம்'. அறுபது வருடம் சுற்றி வந்தால் அதே ஆங்கிரச! மூத்தவர் பிறந்தது 1872, இளையவர் 1932. நேர்த்தியாகப் பொருந்துவதைப் பார்த்தால் யாருக்கும் 'சேர்' பொத்தானை அழுத்தத்தான் தோன்றும். பெரியப்பாவுக்கு போன் போட்டேன்.

"டேய், ஒருத்தர் எங்க தாத்தா, ஒருத்தர் எங்க அண்ணன். ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிடாதே!"

ஒன்றாக்கியிருந்தால் நடுவில் இருக்கும் சுப்பையா தாத்தா தன் மகனுக்கே மகனாகியிருப்பார்.

கெட்காம் 5.5இல் கிரிகோரியன், ஜூலியன், யூதர், பிரெஞ்சுப் புரட்சிக் காலம் ஆகிய நாட்காட்டிகள் உண்டு. நம்முடையது இல்லை. ஆனால் முன்னால் INT என்று போட்டு, தேதியோடு அடைப்புக்குறிக்குள் மூலச் சொற்களை எழுத அனுமதி உண்டு. 'INT 1932 (ஆங்கிரச வருஷம் ஆவணி மாசம்)' என்று எழுதினால் கணக்குக்கு ஆங்கில வருடமும் கிடைக்கும், ஜாதகத்தில் உள்ளதும் அழியாது. வருடப் பெயரை மட்டும் எழுதி வைத்திருப்பவர்கள் பக்கத்தில் எந்தச் சுற்று என்பதை இன்றே குறித்துவிடுங்கள், தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே.

இன்னொன்றும் மனதை உறுத்தியது. அந்த இரண்டு பேரையும் பிரித்துக் காட்டியிருக்க வேண்டியது அம்மா பெயர். ஒருவருக்குக்கூட அது பதிவாகவில்லை. மருமகளாக வந்த பெண்களில் பாதிப் பேர் எங்கள் பதிவில் 'மனைவி' என்ற சொல்லாக மட்டும் இருக்கிறார்கள். எண்பதைத் தாண்டிய அத்தையிடம் கேட்டேன். தன் அப்பாயி, அவருடைய மாமியார், அவர்கள் பிறந்த ஊர் என்று நிறுத்தாமல் சொன்னார். கேட்க ஆளில்லாமல்தான் இத்தனை நாள் வெற்றிடமாக இருந்திருக்கிறது. இப்போது ஏற்றிவிட்டோம்.

மறுமொழி, டொரன்டோவிலிருந்து

அண்ணா, எங்கட பிரச்சினை எழுத்துரு. அம்மப்பா யாழ்ப்பாணத்து உறவு முழுவதையும் பாமினியில் அடித்து வைத்திருந்தவர். பாமினியில் திரையில்தான் தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. எழுத்துரு இல்லாத கணினியில் ஒன்றும் விளங்காது. கோப்பு முழுவதையும் யூனிகோட் மாற்றியில் போட்டால் ஒவ்வொரு வரியிலும் இருப்பது பெயரா தேதியா என்று சொல்லும் கெட்காமின் குறிச்சொற்களும் ஆங்கில எழுத்து என்றபடியால் அவையும் சேர்ந்து மாறிவிடும், பிறகு எந்த மென்பொருளும் அதைத் திறக்காது. தம்பி ஒரு சிறு நிரல் எழுதித் தந்தவன்: குறிச்சொல்லை விட்டுவிட்டு அதற்குப் பிறகு வருவதை மட்டும் மாற்றும். அப்படியும் தேதியும் ஆங்கிலத்தில் அடித்த ஊர்ப்பெயரும் குழம்பும், அந்த வரிகளை விலக்க வேண்டும். இடம்பெயர்ந்த நேரம் தோம்பு என்ற பழைய காணிப் பதிவு, காணி உறுதிப் பத்திரம் எல்லாம் வீட்டோடு போய்விட்டது. எங்களிடம் மிஞ்சியது அந்த ஒரு கோப்புத்தான், அதனால் மூலப் பிரதியைத் தொடாமல் நகலில் மட்டும் வேலை செய்தோம்.

மறுமொழி, மதுரையிலிருந்து

சுவீகாரம் போன பிள்ளைகளையும் பாருங்கள் அண்ணா. எங்கள் சித்தப்பாவைப் பிள்ளையில்லாத பெரிய தாத்தா தத்தெடுத்தார். 'தத்து' என்ற குறிப்பு மாற்றும்போது விழுந்துவிட்டது, இரண்டு வீட்டிலும் பெற்ற பிள்ளையாகவே நிற்கிறார். கோப்பில் குறிப்பு இருக்கிறது, புது மென்பொருள்தான் படிக்கவில்லை. மாற்றுவதற்கு முன்னால் தத்துப் போனவர்கள் பட்டியலைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மாற்றிய பிறகு ஒவ்வொருவராகச் சரிபார்க்கிறேன்.