சி டிரைவில் உள்ள மென்பொருளை டி டிரைவுக்கு மாற்றினேன், திறக்கவில்லை. உதவி தேவை

கேள்வி:
விண்டோஸ் 10. ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி (காட்டுவது 465). சி-க்கு 100, டி-க்கு 365. சி-யில் 3 ஜிபிதான் மிச்சம் இருந்தது. புரோகிராம் ஃபைல்ஸில் இருந்த வரைகலை மென்பொருளின் 9 ஜிபி ஃபோல்டரை கட் செய்து டி-யில் பேஸ்ட் செய்தேன். இப்போது டெஸ்க்டாப் ஐகான் வெறும் வெள்ளைத் தாளாக நிற்கிறது. டி-யில் உள்ள இஎக்ஸ்இ-யைக் கிளிக் செய்தால் டிஎல்எல் (மென்பொருள் ஓடத் தேவையான துணை ஃபைல்) இல்லை என்கிறது. அன்இன்ஸ்டாலும் ஆகவில்லை. என்ன செய்வது?

பதில் 1:
முதலில் அந்த ஃபோல்டரை எடுத்த இடத்திலேயே, பெயரில் ஓர் எழுத்தும் மாறாமல் திரும்ப வையுங்கள். பெரும்பாலும் பழையபடி ஓடிவிடும். ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு), சர்வீஸ் (பின்னணியில் ஓடும் பகுதி), ஷார்ட்கட், அன்இன்ஸ்டாலர் எல்லாமே சி-யில் உள்ள முழுப் பாதையைத்தான் எழுதி வைத்திருக்கின்றன. ஃபோல்டர் நகர்ந்தாலும் அவை பழைய முகவரியிலேயே தேடும்.

ஓடியதும் லைசென்ஸை டிஆக்டிவேட் செய்து, முறையாக அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் கொடுங்கள். மறுபடி நிறுவும்போது கஸ்டம் தேர்ந்தெடுத்து டி-யில் இடம் காட்டுங்கள். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போனால் மீண்டும் சி-யில்தான் உட்காரும்.

விண்டோஸ் ஸ்டோரில் இறக்கியவற்றுக்கு செட்டிங்ஸ் > ஆப்ஸில் மூவ் பட்டன் இருக்கும். ஸ்டீம் கேம் என்றால் பிராப்பர்ட்டீஸ் > இன்ஸ்டால்டு ஃபைல்ஸில் நகர்த்தும் வசதி உண்டு. இரண்டிலும் மறுபடி நிறுவ வேண்டாம்.

பதில் 2:
இடம் கேட்காமலே சி-யில் நிறுவும் மென்பொருளுக்கு ஜங்ஷன் (சி-யின் பாதையில் தேடுவதை டி-யில் உள்ள ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் இணைப்பு) போடலாம். டி டிரைவ் என்டிஎஃப்எஸ் (NTFS) ஃபார்மட்டில் இருக்கட்டும். மென்பொருளையும் அதன் சர்வீஸையும் நிறுத்துங்கள். ஃபோல்டரை டி-க்கு காப்பி செய்யுங்கள், கட் வேண்டாம். சி-யில் உள்ளதற்குக் கடைசியில் "பழைய" என்று சேர்த்துப் பெயர் மாற்றுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எம்கேலிங்க், இடைவெளி, /ஜே (mklink /J) என அடித்து, முதலில் பெயர் மாற்றுவதற்கு முன் சி-யில் இருந்த பாதை, அடுத்து டி-யின் புதுப் பாதை கொடுங்கள். இரண்டையும் இரட்டை மேற்கோளில் போடுங்கள். வரிசையை மாற்றிப் போட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்த பிறகே "பழைய" ஃபோல்டரை அழியுங்கள்.

ஆன்டிவைரஸ், டிரைவர், விண்டோஸ் ஃபோல்டர், மொத்த புரோகிராம் ஃபைல்ஸ் இவற்றில் இதைச் செய்யவே கூடாது. சில மென்பொருள்கள் அப்டேட்டின்போது ஜங்ஷனை அழித்துவிட்டு நிஜ ஃபோல்டரை உருவாக்கிவிடும், அதையும் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
திரும்ப வைத்ததும் திறந்துவிட்டது, நன்றி! இன்னொன்று: டி-யை 50 ஜிபி சுருக்கினேன். ஆனால் சி-யைப் பெரிதாக்கும் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாகவே இருக்கிறதே?

பதில் 1:
காலி இடம் சி-க்கு ஒட்டி வலப்பக்கத்தில் இருந்தால்தான் அந்த வசதி திறக்கும். டி-யைச் சுருக்கினால் இடம் டி-யின் வால்பக்கம் போய்விடும். சி-க்கும் டி-க்கும் நடுவே ரிகவரி பார்ட்டிஷன் இருந்தாலும் இதே தடைதான். டி-யை அப்படியே வலப்பக்கம் தள்ளும் பார்ட்டிஷன் கருவிகள் உண்டு. நடுவில் கரண்ட் போனால் டி-யில் உள்ளது மொத்தமும் போகலாம், பேக்கப் இல்லாமல் தொடாதீர்கள்.

அவசரத்துக்கு அதே அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப் (powercfg /h off) அடியுங்கள். ஹைபர்னேஷனுக்காக (திறந்திருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைக்கும் வசதி) சி-யில் ஒதுக்கிய ஃபைல் போய்விடும், அந்த வசதியும் நின்றுவிடும். 8 ஜிபி ரேம் என்றால் 3 ஜிபிக்கு மேல் கிடைக்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் சேர்ந்தே நின்றுவிடும், பூட் ஆக சற்று நேரம் கூடும்.