கலைச்சொல் விவாதம்: அடையாள அட்டை இலக்கத்தில் ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கங்களுக்கு என்ன பெயர்?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

இலங்கைத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்கும் இணையப் படிவங்களைத் தமிழாக்க ஒரு சொல் தேவைப்படுகிறது. பிறந்த ஆண்டை அடுத்து வரும் மூன்று இலக்கங்களைத்தான் சொல்கிறேன். அவற்றில் பிழை இருந்தால் "பிறந்த திகதி தவறு" என்று படிவம் காட்டுகிறது. பயனர் உடனே திகதிப் பெட்டிக்குப் போய், சரியாக இருப்பதை மாற்றத் தொடங்குகிறார். பிழை எங்கே என்று சுட்டிக்காட்ட நம்மிடம் பெயர் இல்லை.

பிற நாட்டு நண்பர்களுக்காக அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பழைய வடிவத்தில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். முதல் இரண்டு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பிறகு மூன்று தொடரிலக்கம். ஒன்பதாவது, கைத்தவறைப் பிடிப்பதற்கான சரிபார்ப்பு இலக்கம். கடைசியில் 'வி' அல்லது 'எக்ஸ்'. பெண்களுக்கு நாளோடு 500 கூட்டப்படும். 2016 முதல் வழங்கப்படும் வடிவத்தில் 12 இலக்கம்: ஆண்டு நான்கு, நாள் மூன்று, தொடர் நான்கு, சரிபார்ப்பு ஒன்று. எழுத்து கிடையாது.

என் முன்மொழிவு: நாளெண். "ஆண்டுநாள்" என்றால் ஆண்டுதோறும் வரும் விழா நாள் என்று படுகிறது. "யூலியன் நாள்" என்று சிலர் எழுதுவது பிழை. வானியலில் அது கி.மு. 4713 இலிருந்து தொடர்ந்து எண்ணப்படும் நாட்கணக்கு. ஆண்டுக்குள் எண்ணுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

மடல் 2

> என் முன்மொழிவு: நாளெண்

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு வெவ்வேறு பொருள்களுக்கு ஒரே பெயரை வைக்கிறீர்கள் ஐயா.

1985 யூன் 10 இல் பிறந்த ஆணின் அட்டையில் 162 என்றிருக்கும். அதே நாளில் பிறந்த பெண்ணின் அட்டையில் 662. இருவருக்கும் நாள் ஒன்றுதான். நாளெண் 162 என்றால், அச்சிடப்பட்ட 662 ஐ எப்படி அழைப்பது? "நாளெண் 1 முதல் 366 வரை இருக்க வேண்டும்" என்று உதவிக்குறிப்பு எழுதினால், அதைப் படிக்கும் பெண்கள் அத்தனை பேரும் தங்கள் அட்டை பிழை என்று நினைப்பார்கள்.

இன்னொன்று, அந்த 162 ஐச் சாதாரண நாட்காட்டியில் எண்ணிப் பாருங்கள். 1985 நெட்டாண்டு (பெப்ரவரிக்கு 29 நாள் உள்ள ஆண்டு) அல்ல. யூன் 10 அந்த ஆண்டின் 161 ஆவது நாள். அடையாள அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரிக்கு 29 நாள். அதனால் மார்ச் 1 எப்போதும் 61, திசம்பர் 31 எப்போதும் 366. நிரல்மொழிகளில் உள்ள ஆயத்த நாள் செயற்கூற்றை அப்படியே பயன்படுத்தினால், நெட்டாண்டு அல்லாத ஆண்டுகளில் மார்ச் 1 முதல் பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் தள்ளிப்போகும். திசம்பர் 31 இல் பிறந்தவர் அடுத்த ஆண்டின் சனவரி 1 க்குப் போய்விடுவார், வயதே மாறிவிடும். ஆகவே "ஆண்டின் எத்தனையாவது நாள்" என்ற விளக்கத்தையே சொல்லின் வரையறையாக வைக்கக் கூடாது. "29 நாள் பெப்ரவரியோடு எண்ணிய நாள்" என்பது வரையறையில் வெளிப்படையாக இருக்க வேண்டும்.

மடல் 3

மேலே சொன்ன வேறுபாடு முக்கியமானது. இதற்குத் தீர்வாக கூறு என்ற சொல்லை முன்வைக்கிறேன். அட்டையில் அச்சிட்டபடி உள்ள ஒவ்வொரு பிரிவும் ஒரு கூறு: ஆண்டுக்கூறு, நாட்கூறு, தொடர்கூறு, சரிபார்ப்புக்கூறு. கணக்கிட்டுப் பெறும் 1–366 தான் நாளெண். நாட்கூறு 500 க்கு மேல் இருந்தால் 500 ஐக் கழித்து நாளெண்ணைப் பெறுகிறோம். 662 நாட்கூறு, 162 நாளெண்.

"புலம்" வேண்டாமா என்று தமிழகத்து நண்பர்கள் கேட்கலாம். தரவுத்தளத்தில் அட்டை இலக்கம் முழுவதும் சேர்ந்துதான் ஒரு புலம். அதன் உட்பிரிவையும் புலம் என்றால் ஆவணம் எழுதுகிறவர் திண்டாடுவார்.

கூறு என்று பிரிப்பதில் இன்னொரு பயனும் உண்டு: இலக்கத்தை மனனம் செய்வது. பன்னிரண்டு இலக்கத்தை ஒரே சரமாக உருப்போடுகிறவர்கள் நடுவில் ஒன்று விட்டுப்போனால் தொடக்கத்திலிருந்து திரும்ப வேண்டியிருக்கிறது. கூறுகளாகப் பார்த்தால் ஆண்டு ஏற்கெனவே தெரியும். நாட்கூறைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். மாதத் தொடக்கத்துக்கு முன் கழிந்த நாட்கள் இவை: சனவரி 0, பெப்ரவரி 31, மார்ச் 60, ஏப்ரல் 91, மே 121, யூன் 152, யூலை 182, ஓகஸ்ட் 213, செப்டெம்பர் 244, ஒக்டோபர் 274, நவம்பர் 305, திசம்பர் 335. இதோடு பிறந்த திகதியைக் கூட்ட வேண்டும். பெண்ணானால் மேலும் 500. உங்கள் மாதத்துக்கான ஒரே ஓர் எண் தெரிந்தால் போதும்.

மனனம் செய்ய மிச்சம் இருப்பது தொடர்கூறும் சரிபார்ப்பும் மட்டும். பழைய இலக்கத்தில் அது நான்கு இலக்கம். புதியதில் ஐந்து. பழைய இலக்கம் மாறி வந்த புதிய இலக்கமானால் தொடர்கூறின் முதல் இலக்கம் 0 தான், எனவே அங்கும் உண்மையில் நான்குதான்.

மடல் 4

> பழைய இலக்கம் மாறி வந்த புதிய இலக்கமானால்

இந்த மாற்றத்தில்தான் படிவங்களில் அதிகப் பிழை வருகிறது, எனவே விரித்துச் சொல்ல வேண்டும். முன்னால் 19 சேர்க்க வேண்டும். நாட்கூறுக்கும் தொடர்கூறுக்கும் நடுவில் ஒரு 0 சேர்க்க வேண்டும். எழுத்தை நீக்க வேண்டும். சரிபார்ப்பு இலக்கம் மாறாது. 85 662 என்று தொடங்கும் பழைய இலக்கம் 1985 662 0 என்று தொடங்கும். அதன் பின் பழைய நான்கு இலக்கங்கள் அப்படியே வரும். 0 ஐ ஆண்டுக்குப் பின்னாலோ கடைசியிலோ போட்டாலும் இலக்கங்களின் எண்ணிக்கை 12 தான், நீளத்தை மட்டும் பார்க்கும் படிவம் அதை ஏற்றுக்கொள்ளும். நாட்கூறைப் படித்துப் பார்க்கும் படிவம் பலவற்றைப் பிடித்துவிடும். "1985 066" என்று வந்தால் அது மார்ச் 6 இல் பிறந்த ஆண் ஆகிவிடும். திகதிப் பெட்டியோடு ஒப்பிட்டால் முரண்பாடு தெரிந்துவிடும்.

ஒரே ஆளின் பழைய, புதிய இலக்கங்கள் இரண்டும் தரவுத்தளத்தில் இருந்தால் இரண்டு ஆட்களாகப் பதிவாகும். சேமிக்கும்போது 12 இலக்க வடிவத்துக்கு மாற்றிவிட்டு, பயனர் தந்த வடிவத்தையும் தனியே வைத்துக்கொள்வது நல்லது.

விரிதாளில் 12 இலக்கத்தை எண்ணாக உள்ளிட்டால் எக்செல் அதைச் சுருக்கி அடுக்குக்குறி வடிவில் காட்டும். அந்தத் தோற்றத்தோடே காற்புள்ளிக் கோப்பாகச் (CSV) சேமித்தால் பிற்பகுதி இலக்கங்கள் போய்விடும். பத்தி முழுவதையும் முன்கூட்டியே உரை வடிவுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

"சரிபார்ப்புக்கூறு" பற்றி ஓர் ஐயம். இலங்கை அலுவலக வழக்கில் "இலக்கம்" என்றால் முழு எண்ணும்தான்: தொலைபேசி இலக்கம், அட்டை இலக்கம். "சரிபார்ப்பு இலக்கம்" என்றால், கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவெண்ணோ என்று பயனர் எண்ணுகிறார். "சரிபார்ப்புக்கூறு" அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது என்பதால் அதற்கே என் ஆதரவு. ஆனால் அதைக் கடைசி எழுத்துக்குச் சூட்டிவிடாதீர்கள். பத்து இலக்க நூல் எண்ணில் (ISBN) இறுதியில் வரும் 'எக்ஸ்' 10 என்ற மதிப்பைக் குறிக்கும் சரிபார்ப்புக் குறி. அடையாள அட்டையின் 'எக்ஸ்' அப்படியல்ல. 'வி' வாக்குரிமையோடு தொடர்புடையது, 'எக்ஸ்' அதற்கு மாறானது. அதற்கு ஈற்றெழுத்து என்ற பெயரே போதும்.

மடல் 5

மூன்று மடல்களுக்கும் நன்றி. "நாளெண்" மட்டும் போதாது என்று ஏற்கிறேன். கூறு என்பதையே அடிப்படையாகக் கொள்வோம். பிழைச்செய்திகளை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

"நாட்கூறு 001–366 அல்லது 501–866 க்குள் இருக்க வேண்டும்."

"நாட்கூறும் பிறந்த திகதியும் பொருந்தவில்லை. அட்டையில் உள்ளதை மீண்டும் பார்க்கவும்."

"இந்த ஆண்டில் பெப்ரவரி 29 இல்லை, நாட்கூறு 060 அல்லது 560 ஆக இருக்க முடியாது."

"ஈற்றெழுத்து வி அல்லது எக்ஸ் ஆக இருக்க வேண்டும்." (உண்மைப் படிவத்தில் அந்த ஆங்கில எழுத்துகளையே காட்ட வேண்டும், சிறிய எழுத்தில் தட்டினாலும் ஏற்க வேண்டும்.)

"சரிபார்ப்புக்கூறு பொருந்தவில்லை" என்ற செய்தியில் "போலி அட்டை" என்ற பொருள் எங்கும் வந்துவிடக் கூடாது என்று வலியுறுத்துகிறேன். அந்த இலக்கம் கைத்தவறைப் பிடிப்பதற்கானது. பொருந்தினாலும் அப்படி ஓர் ஆள் இருக்கிறார் என்று அது உறுதிப்படுத்தாது. அதை உறுதிப்படுத்த, அட்டையை வழங்கும் ஆட்பதிவுத் திணைக்களத்தின் பதிவேடுதான் வேண்டும்.

மடல் 6

இரண்டாவது செய்தியில் "அட்டையில் உள்ளதை" என்பதற்குப் பதில் "அட்டை இலக்கத்தையும் திகதியையும்" என்று போடுங்கள். பிழை இரண்டில் எதிலும் இருக்கலாம்.

உதவிப்பக்கத்துக்கு மாதிரி இலக்கம் தேவைப்படும்போது யாருடைய அட்டையிலிருந்தும் எடுக்க வேண்டாம். மனம்போன போக்கில் எழுதினாலும் அது உயிரோடிருக்கும் ஒருவரின் இலக்கமாக அமைந்துவிடலாம். நாட்கூறில் 400 என்று போடுங்கள். 367 முதல் 500 வரை எவருக்கும் வழங்கப்படாத இடைவெளி. எனவே 1985 400 என்று தொடங்குவது யாருக்கும் உரியதாகாது. சரிபார்ப்பு நிரலும் அதை மறுக்க வேண்டும் என்பதால், அதே இலக்கத்தை முதல் பிழைச்செய்தியைச் சோதிக்கவும் வைத்துக்கொள்ளலாம்.