பதில்: நாக்கு மீன் எங்கே போச்சு?

மலேசியாவில் நம்ம ஊத்தான் மெலிந்தாங்கை விட்டு வெளிநாடு போன சொந்தங்களுக்கு வணக்கம்.

“உலகம் முழுக்கத் தட்டை மீன் அழியுதாமே, நம்ம ஊர்லயும் அப்படித்தானாண்ணே?” என்று நெதர்லாந்தின் ரோட்டர்டாம் தங்கச்சி கேட்டிருந்தது. தட்டை மீன் என்றால் நம்ம நாக்கு மீன் ஜாதி. வலையில் விழுவது குறைந்தாலே கடலில் மீன் இல்லை என்று ஆகிவிடாதும்மா. நீ குடியிருக்கிற நாடே அதற்குச் சாட்சி.

வட கடலில் பிளேஸ் என்ற தட்டை மீன் 2000 வாக்கில் இருந்ததைவிடப் பல மடங்கு பெருகிவிட்டது. ஆனால் ஒதுக்கிய அளவைக்கூடப் பிடித்து முடிக்க ஆளில்லை. கடலடியில் மின்சாரம் பாய்ச்சி மீனைக் கிளப்பும் வலையை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் தடை செய்தது. பழைய சங்கிலி வலையை இழுத்தால் படகு டீசலைக் குடித்துத் தீர்க்கும். மறு வருஷமே உக்ரைன் போரில் டீசல் விலை எகிறியது. கடைசியில் டச்சு அரசாங்கமே காசு கொடுத்துப் படகுகளை உடைக்க வைத்தது.

கனடா கதை வேறு. நியூஃபவுண்ட்லாந்து பக்கம் கிராண்ட் பேங்க்ஸ் கடல் திட்டில் அமெரிக்கன் பிளேஸ் என்ற வேறொரு தட்டை மீன் நிஜமாகவே வழித்தெடுக்கப்பட்டது. 1990-களின் நடுவில் தடை போட்டும் இன்னும் தலையெடுக்கவில்லை. அதே திட்டில் மஞ்சள்வால் தட்டை மீனுக்கும் தடை இருந்தது, அது தேறிக்கொண்டதால் 1998-இல் திறந்துவிட்டார்கள். இரண்டையும் ஒன்றாகக் கூட்டிக் கோடு போட்டால் ஒன்றுமே புரியாது.

வான்கூவர் மாமா பெருமையாகப் படம் போடும் ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனுக்கு இன்னொரு வியாதி. 1980-களில் அதே வயசு மீனுக்கு இருந்த எடை இப்போது இல்லை. அதற்கென்றே 1923 முதல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து ஓர் ஆணையம் நடத்துவதால், மீனின் வயசு, எடை, நீளம் எல்லாம் ஏட்டில் இருக்கிறது.

நம்ம ஊரில்? ஜெட்டிக்கு வரும் இழுவைப் படகுகளில் பெரிய நாக்கு மீனைப் பொறுக்கிப் பாசாருக்கு (சந்தைக்கு) அனுப்பிவிடுவார்கள். விரல் நீளக் குஞ்செல்லாம் காரல், உடைந்த நண்டுக்கால், சேறு எல்லாவற்றோடும் ‘ஈக்கான் பாஜா’ என்கிற கழிவு மீன் கூடையில் விழும். மொத்தமாக நிறுத்துத் தீவனத்துக்கு ஏற்றிவிடுவார்கள். அந்தக் கூடைக்குள் நாக்கு மீன் எத்தனை என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இங்கே இழுவலையின் கடைசிப் பைக்குக் கண் அளவு 38 மில்லிமீட்டர் இருந்தால் போதும். தங்கச்சி, உங்கள் பக்கம் சோல் என்ற தட்டை மீனைப் பிடிக்கவே 80 வேண்டும். இந்தோனேசியாக்காரன் 1980-லேயே இழுவலைக்குத் தடை போட்டான், நாம் கரையிலிருந்து இத்தனை மைல் தள்ளிப் போ என்று கோடு கிழித்ததோடு சரி. இரவில் அந்தக் கோட்டை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டு என் வாயைக் கிளறாதீர்கள்.

பாசாரில் பெரிய நாக்கு மீன் குறைந்தது கண்ணால் பார்க்கிற உண்மை. ஆனால் உன் கேள்விக்கு நெதர்லாந்து கணக்கைப் பார்த்து என்னால் பதில் சொல்ல முடிகிறது, நம்ம ஊருக்குச் சொல்லக் கணக்கே இல்லை.

தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே எழுதுங்கள். மீன்கார அக்காவிடம் சொல்லி வைக்கிறேன். வால் பக்கம் ஒரு கீறல் போட்டு, விரலில் உப்பைத் தொட்டுக்கொண்டு ஒரே இழுப்பில் தோலை உரித்துத் தருவார். விலையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

அன்புடன்,
பழைய லயத்து அண்ணன்